கோமதிக்கு ரத்தம் கூடியபோது

கோமதிக்கு ரத்தம் கூடியிருந்தது. லேப்பில் கொடுத்த தாளைத் தொண்ணூறு அடி ரோட்டின் ஓரத்தில் நின்று இரண்டு தடவை பார்த்தேன். எனக்கு எழுத்து நாற்பது வயதுக்கு மேல்தான் படியத் தொடங்கியது. எண் முன்பே வரும். பன்னிரண்டு புள்ளி ஒன்று. பக்கத்தில் நட்சத்திரம் இல்லை. சரியில்லாத எண்ணுக்குப் பக்கத்தில் அவர்கள் நட்சத்திரம் போடுவார்கள். இத்தனை வருடத்தில் அவளுடைய ரத்த எண்ணுக்கு நட்சத்திரம் போடாத தாளை நான் பார்த்ததே இல்லை.

கீழே இன்னொரு எண்ணுக்கு நட்சத்திரம் இருந்தது. பிளேட்லெட், தொண்ணூற்று இரண்டாயிரம். தாளைக் கொடுக்கும்போதே லேப்காரன் அதில்தான் விரலை வைத்தான்.

"காகா, ஏக் லாக் கே நீச்சே ஆ கயா. படா ஹாஸ்பிடல் திகாவ்."

லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டதாம், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமாம். ஒரே தாளில் ஒன்று ஏறியிருக்கிறது, ஒன்று இறங்கியிருக்கிறது. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல், இரண்டையும் பாதிப் பாதி வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியில் கால் கிலோ பேரீச்சம்பழமும் வாங்கினேன்.

கோமதி என் மனைவி. கல்யாணமான நாளிலிருந்தே அவளுக்கு ரத்தம் குறைவு. யார் சோதித்தாலும் ஒன்பது என்பார்கள், ஒன்பதுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு புள்ளி சேர்ப்பார்கள். பன்னிரண்டு வேண்டுமாம். இரும்புச் சத்து மாத்திரை தின்றாள், பீட்ரூட் தின்றாள், முருங்கைக்கீரை தின்றாள். ஒன்பது அசையவில்லை. மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமைத்துப் பாத்திரம் கழுவுகிறாள். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. படியில் நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவாள். நான் பழைய எண்ணெய் டின்களைக் கொப்பரையில் காஸ்டிக் சோடாத் தண்ணீர் கொதிக்கவிட்டுக் கழுவும் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் பேசக்கூடத் தெம்பிருக்காது.

இந்த மழைக்கு எங்கள் சாலில், ஒட்டி ஒட்டி இருக்கும் ஒற்றை அறை வீட்டு வரிசையில், கதவுக்கு ஒரு காய்ச்சல். கோமதிக்கு டெங்கு என்று வந்தது. முதல் சோதனையில் ரத்தம் ஒன்பது புள்ளி நான்கு; வழக்கம்போல நட்சத்திரம். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாரும் கேட்டது பிளேட்லெட்டைத்தான்.

மூன்று கதவு தள்ளிக் கணேசபாண்டியன் இருக்கிறான். உல்லாஸ்நகரிலிருந்து துணிக்கட்டு எடுத்துவந்து விற்பவன். போன வருடம் அவனுக்கு டெங்கு வந்து பிழைத்தான். அதிலிருந்து சந்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவன்தான் வருவான்.

"மச்சான், பிளேட்லெட் எவ்வளவு?"

"ஒரு லச்சத்து நாப்பதாயிரம்."

"அட, இதெல்லாம் ஒரு டெங்கா! எனக்குப் பதினெட்டாயிரம். டாக்டரே என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு."

எதிர்வீட்டுப் பேகம் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எதுக்கு, எந்திரிச்சுப் போவியளான்னா? ஆஸ்பத்திரி பூரா ஒம்ம சத்தந்தான் கேட்டுச்சுன்னு ஒம்ம பொஞ்சாதியே சொன்னா."

"நீ அரிசியப் பாரு தாயி" என்று சொல்லிவிட்டு, அவன் வடாலாவில் யாரோ வீட்டு மரத்தில் பறித்த பப்பாளி இலையைக் கொண்டுவந்தான். இடித்துப் பிழிந்து கொடுக்கச் சொன்னான். கோமதி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். பேகத்தின் புருஷனுக்கு மாஹிமில் கறிக்கடையில் வேலை. அவள் தன் பங்குக்குச் சுவரொட்டி வாங்கிவந்து, மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள். ஆட்டின் மண்ணீரல்தான் சுவரொட்டி. அதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர்கள் கிடையாது.

பிறகு காய்ச்சல் விட்டது. நெற்றியில் கை வைத்தால் குளுமையாக இருந்தது.

"தலைக்கு ஊத்திருதேன்" என்றாள் கோமதி.

எங்களில் காய்ச்சல்காரர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் விசாரிக்க வர மாட்டார்கள், வேலைக்குப் போகலாம். மாட்டுங்கா வீட்டுக்கார அம்மா இரண்டு தடவை போன் செய்து கேட்டுவிட்டார்கள். பேகம் வேப்பிலை போட்டுத் தண்ணீர் காய்ச்சினாள். கோமதி குளித்து, தலை துவட்டி, குங்குமம் வைத்தாள். லேப்காரன் வந்து ரத்தம் எடுத்துப் போனான். அவன் போனதும் அவள் படுத்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

நான் பேரீச்சம்பழத்தோடு வந்தபோதும் அப்படியே கிடந்தாள். கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

"ஏட்டி, கை ஏன் இப்படி இருக்கு?"

"தலைக்கு ஊத்துனதுல்லா."

"மொகம் சுருங்குதே. வயிறு வலிக்கா?"

"அந்தப் பப்பாளித் தண்ணிதான் பெரட்டுது. காலையில ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். ஒங்ககிட்ட சொல்லல."

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் தாளை விரித்துக் காட்டினேன்.

"ஒனக்கு ரத்தம் பன்னெண்டு ஆயிருக்கு, தெரியுமா?"

அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "எனக்கா? வேற யாரு தாளையாவது தூக்கிட்டு வந்துட்டீயளா?"

"ஒம் பேருதான் போட்டிருக்கு."

பேகம் வாசலிலிருந்தே கையை உயர்த்தினாள். "சுவரொட்டி! நான் சொன்னேனா இல்லியா? மாத்திரை செய்யாதத ஆட்டு மண்ணீரல் செஞ்சிட்டு."

கோமதி சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

பிளேட்லெட் நட்சத்திரத்துக்காகத்தான் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காய்ச்சல் பிரிவில் நிற்க இடமில்லை. வரிசை நகர்ந்து நாங்கள் உள்ளே போனபோது டாக்டர் தாளை வாங்கிப் பார்த்தார். இளைஞர்தான், கண் சிவந்திருந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். எங்காவது ரத்தம் வடிகிறதா என்றார், இல்லை என்றேன். பிளேட்லெட் இவ்வளவு இருந்தால் பயமில்லை, நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், நாளைக்கு மறுபடி சோதித்துக் கொண்டுவா என்று ஹிந்தியில் சொன்னார். எங்களுக்குப் பின்னால் ஒருவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வந்தோம்.

அவ்வளவுதான் என்று இருந்தது. தாழ்வாரத்தில் கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இருந்துட்டுப் போவோமா?"

"ரிக்‌ஷா வார வாசலுக்குப் போயி உக்காருவம்ட்டி. இங்கன எங்க எடம் இருக்கு?"

"தமிழா?" என்று ஒரு குரல் கேட்டது. தாழ்வாரத்தின் ஓரத்தில் சின்ன மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டில் பெயர் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "நான் டாக்டர் ஸ்ரீலேகா. அவா இங்க உக்காரட்டும். டெங்குதானே? ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா? இஷ்டம் இருந்தா மட்டும்."

நாற்காலியைக் கோமதிக்குத் தள்ளிவிட்டு அவள் நின்றுகொண்டாள். மாட்டுங்கா வீடுகளில் பேசுகிற தமிழ். அவள் சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது: டெங்கு வந்தவர்களில் பலருக்குத் தானாகச் சரியாகிவிடும், சிலருக்கு மோசமாகும். யாருக்கு மோசமாகும் என்று முன்னாலேயே ரத்தத்தில் ஏதாவது தெரிகிறதா என்று ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. அதற்கு ஒரு ட்யூப் ரத்தம் வேண்டும்.

"ஒரு ட்யூப்பா?" என்றேன். "இப்பந்தாம்மா இவளுக்கு ரத்தமே ஊறியிருக்கு."

"ஊறியிருக்குன்னா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "கல்யாணம் ஆனதுலேருந்து ஒம்பதுதான். காச்ச வந்த அன்னைக்கும் ஒம்பதர பக்கம். இந்தா பாருங்க, இப்பம் பன்னெண்டு. நச்சத்திரமே போடல. சுவரொட்டி குடுத்தோம்."

ஸ்ரீலேகா தாளை வாங்கினாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பழைய ரிப்போர்ட் இருக்கா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தாளை விட்டுவிட்டுக் கோமதியின் கையைப் பிடித்தாள். நகத்தை அழுத்தி விட்டாள். அழுத்தின இடம் வெளுத்தது, வெளுப்பு போகவே இல்லை.

"வயித்த வலிக்கறதா?"

"லேசா" என்றாள் கோமதி.

"வாந்தி?"

"ரெண்டு தடவ. பப்பாளி எலத் தண்ணி குடிச்சேன், அதான்."

"ஒண்ணுக்குப் போய் எவ்வளவு நேரம் ஆச்சு?"

கோமதி என்னைப் பார்த்தாள். என் முன்னால் சொல்ல அவளுக்குக் கூச்சம். "நேத்து ராத்திரி போனேன்."

பிரஷர் பார்க்கிற பட்டையைக் கட்டி இரண்டு முறை பார்த்தாள். நிமிர்ந்து கதவைத் தள்ளி உள்ளே அந்த இளைஞர் டாக்டரிடம் வேகமாக ஏதோ சொன்னாள். அவர் கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு வந்தார். "சிஸ்டர், பெட் சாஹியே, அபி!" என்று உடனே கட்டில் கேட்கிற சத்தம் வந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. எங்களை வீட்டுக்குப் போகச் சொன்ன அதே இடத்தில் இப்போது கூட்டத்தை விலக்கி வழி விட்டார்கள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் நடந்துகொண்டே கேட்டேன். "பிளேட்லெட் எறங்கிட்டாம்மா?"

"பிளேட்லெட் இல்லண்ணா. ரத்தம் ஏறினதுதான் பிரச்சினை."

"ஏறுனா நல்லதுல்லா?"

"ரத்தம் கூடலை. ரத்தத்துல இருக்கற தண்ணி குழாயிலேர்ந்து கசிஞ்சு வெளில போறது. மிச்சம் கெட்டியா நிக்கறது. அதனால நம்பர் ஏறித் தெரியறது. பன்னெண்டுங்கறது மத்தவாளுக்கு நார்மல், அதான் ஸ்டார் வரலை. அவாளுக்கு ஒம்பதுதான் நார்மல்."

"தண்ணி வெளிலன்னா? எங்கயும் வடியலையே?"

"உள்ளதான். வயித்துக்குள்ள, நெஞ்சுக்கூட்டுக்குள்ள."

"ஒடம்புக்குள்ளதான இருக்கு, அப்பம்?"

"இருக்கு. ஆனா இருக்க வேண்டிய இடத்துல இல்லை."

கொப்பரையில் தண்ணீர் வற்றினால் அடியில் சோடா கெட்டிப்படும். அது எனக்குத் தெரியும். ஆனால் கொப்பரை கொதிப்பதால் அல்லவா வற்றுகிறது? கோமதிக்குத்தான் காய்ச்சலே இல்லையே. அதையும் கேட்டேன்.

"காய்ச்சல் விடற சமயத்துலதான் இது வரும்" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக முன்னால் போனாள்.

காய்ச்சல் விட்டால் ஆபத்து, ரத்தம் ஏறினால் கெடுதி. நான் தெரிந்துவைத்திருந்தது முழுவதும் தலைகீழாக நின்றது. கையில் வீட்டிலிருந்து அப்படியே தூக்கிவந்த பேரீச்சம்பழப் பொட்டலம் இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

கோமதிக்கு நரம்பில் ஊசி ஏற்றிப் பாட்டில் தொங்கவிட்டார்கள். முதல் பாட்டில் மடமடவென்று இறங்கியது. அவள் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. நான் அவள் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்த இடத்தில்கூடச் சூடு வரவில்லை. இவள் போய்விடுவாளோ என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். காலையில் குங்குமம் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்ப இருந்தவள்.

இரண்டாவது பாட்டில் பாதி ஆனபோது கண்ணைத் திறந்தாள். ஸ்ரீலேகா பக்கத்தில் நின்றாள்.

"அம்மா" என்றாள் கோமதி. "ஒரு ட்யூப்பு கேட்டீயளே. எடுத்துக்கிடலியா?"

"இப்போ அது முக்கியமில்ல. வேண்டாம்னாலும் ஒண்ணுமில்ல. வைத்தியம் ஒரே மாதிரிதான் நடக்கும்."

"இதுல பாத்தா எனக்கு என்ன ஆவும்னு தெரியுமா?" என்று நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டாள்.

ஸ்ரீலேகா அவள் பக்கம் குனிந்தாள். "உங்களுக்கு என்ன ஆகும்னு இதுல தெரியாது. நிறைய பேரோட ரத்தத்தைச் சேர்த்து வச்சுப் பாக்கணும். இதுலேர்ந்து ஏதாவது தெரிஞ்சா, பின்னால வரவாளுக்கு உதவும். தெரியாமலும் போகலாம்."

நமக்கு உதவாது, தெரியாமலும் போகலாம், அப்புறம் எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கோமதி கையை நீட்டிவிட்டாள்.

"எடுத்துக்கிடுங்க. போற எடமெல்லாம் எனக்கு ரத்தம் இல்ல இல்லன்னுதான் சொல்லுவாவ. என்னையும் மதிச்சு ஒருத்தராவது கேக்கியளே."

அன்று சாயங்காலம் பேகம் வந்தாள். பெண்கள் பக்கம் ஆண்கள் தங்கக் கூடாது என்றதால் அவள் உள்ளே இருந்தாள், நான் வெளியே படிக்கட்டில் இருந்தேன். சில மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பேகம் கதவருகே வந்து சொல்வாள்.

"அண்ணே, பதினொண்ணாம்."

"கொறஞ்சிட்டா?"

"கொறஞ்சிட்டுன்னு நர்ஸு சந்தோசமா சொல்லுதா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நானும் சிரிச்சு வச்சேன்."

கணேசபாண்டியன் போன் செய்தான். அவனுக்கு வேறு எந்தச் செய்தியும் வேண்டாம்.

"பிளேட்லெட் எவ்வளவு மச்சான்?"

"அறுவதாயிரம்னாவ."

"அறுவதா! இன்னும் ஏத்தலியா? எனக்கு நாலு பாட்டில் பிளேட்லெட் ஏத்துனாவ. நீ வாயத் தொறந்து கேட்டாத்தான் தருவான். இல்லன்னா நா ஆளக் கூட்டிட்டு வாரேன், சத்தம் போடுவம்."

போய் நர்ஸிடம் கேட்டேன். ரத்தம் வடிந்தால்தான் பிளேட்லெட் ஏற்றுவார்கள், இப்போது வேண்டியதில்லை என்று மராத்தி கலந்த ஹிந்தியில் சொன்னாள். இரண்டாம் முறை போய்க் கேட்டபோது, "தூ டாக்டர் ஹை க்யா?" என்றாள். நான் டாக்டர் இல்லை. கணேசபாண்டியனும் டாக்டர் இல்லை. ஆனால் அவன் பிழைத்தவன். யாரை நம்புவது? ஆளைக் கூட்டிவர வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, தப்புச் செய்துவிட்டோமோ என்று படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பார்வை நேரத்தில் உள்ளே விட்டார்கள். பேகம் டீ குடிக்கப் போனாள். நான் முதலில் பார்த்தது பாட்டிலைத்தான். நேற்று மடமடவென்று இறங்கியது இன்று சொட்டு, ஒரு நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு சொட்டு. தண்ணீர் கசிகிறது, தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றார்கள், இப்போது மறந்துவிட்டார்களா? சுற்றிப் பார்த்தேன். நர்ஸ் நாலு கட்டில் தள்ளி வேறொருவரோடு இருந்தாள். குழாயின் நடுவில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. நேற்று அதை உருட்டித்தான் வேகம் கூட்டினார்கள், பார்த்தேன். கையை அதில் வைத்தேன்.

"கைய எடுங்க" என்றாள் கோமதி.

"நின்னுபோச்சுட்டி."

"அவங்கதான் கொறச்சாவ. இனிமே ஜாஸ்தி ஏத்துனா நெஞ்சுல போயி தங்கிக்கிடுமாம், மூச்சு முட்டுமாம். காலையில அந்தத் தமிழ் டாக்டரம்மா சொல்லிட்டுப் போச்சு. எடுங்க கைய."

எடுத்தேன். நேற்றுக் கொடுக்காவிட்டால் ஆபத்து, இன்று கொடுத்தால் ஆபத்து. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சக்கரத்தை உருட்டியிருந்தால்?

கோமதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். காதோடு சொன்னாள்.

"ஒண்ணுக்கு வருது."

"இப்பமா? பேகம் வரட்டும், கொஞ்சம் பொறுத்துக்கோ."

"பொறுக்க முடியாது. விடியக்கால ஒரு தடவ போனேன். மறுபடியும் முட்டிக்கிட்டு வருது."

இது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் இப்படி வெளியே போகிறதா? நர்ஸைப் பார்த்துக் கத்தினேன். "சிஸ்டர்! பேஷாப்! பஹுத் பேஷாப் ஆ ரஹா ஹை!"

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. கோமதி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "மானத்த வாங்குதீயளே" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டது. நர்ஸ் ஓடி வரவில்லை, சிரித்துக்கொண்டே நடந்து வந்தாள். திரையை இழுத்துவிட்டு என்னை வெளியே நிற்கச் சொன்னாள்.

திரைக்கு வெளியே நின்றேன். பக்கத்துக் கட்டில்காரி "பிளேட்லெட் கித்னா?" என்றாள். தெரியாது என்று கையை விரித்தேன்.

நர்ஸ் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையோடு வந்தாள். அந்தப் பக்கம் வந்த ஸ்ரீலேகாவிடம் அதைத் தூக்கிக் காட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். நானூறுக்கு மேல் இருந்தது.

"இது கூடுனா நல்லதா, கொறஞ்சா நல்லதா?" என்று கேட்டேன். முதலில் அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி எதற்கும் சிரிப்பதாக இல்லை.

"நல்லதுண்ணா" என்றாள் ஸ்ரீலேகா. "கசிஞ்ச தண்ணியெல்லாம் குழாய்க்குத் திரும்பி வந்துடுத்து. மிச்சத்தைத்தான் வெளில தள்றது. ரத்தம் பத்துக்கு வந்துடுத்து. இன்னும் இறங்கும்."

"ஒம்பதுக்கா?"

"ஒம்பதுக்கு வந்தா ஜெயிச்ச மாதிரிதான். அப்புறம் நிதானமா இரும்பு மாத்திரை சாப்பிடட்டும்."

திரை விலகியது. கோமதி இன்னும் போர்வைக்குள்தான் இருந்தாள். காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. இது காய்ச்சல் சூடா, நல்ல சூடா என்று கேட்கத் திரும்பினேன். ஸ்ரீலேகா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"தொட்டது போதும்" என்றாள் கோமதி. "பசிக்கி. அந்தப் பேரீச்சம்பழத்த எங்க வச்சீய?"